இறக்கி வைத்த ட்ரம்கள்

அத்தியாயம் பதினொன்று

சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு நான் எழுந்து போனதோடு போன கிழமை இந்தத் தொடரை நிறுத்தியிருந்தேன். சோறு அடிப்பிடித்துப் போயிற்று. அன்று ஒருவரும் சாப்பிடவில்லை.

சண்டை ஒரு பெயரைப் பற்றியது. 2009 போரில் இறந்த எங்கள் பங்குச் சனத்தின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடுகிற பாட்டொன்றை, மே மாதத் திருப்பலிக்காக என் இளைய மகன் டினோஜன் செய்துகொண்டிருக்கிறான். நாற்பத்தொரு பெயர்கள். நாற்பத்திரண்டாவதாக மூத்தவன் றெஜியின் பெயரையும் சேர்க்கவேண்டும் என்றார் என் கணவர் கொன்ஸ்ரன்ரைன்.

நான் மாட்டேன் என்றேன். இறந்தவர்களின் பாட்டில், காணாமல் போன என் பிள்ளையின் பெயர் எதற்கு?

அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "பதினாறு வருசம் சுசி," என்றார். "ஒரு வருசமும் நான் கேக்கேல்ல. இந்த முறை கேக்கிறன்."

ஏன் இந்த முறை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இளமையில் கரையோர இசைக்குழு ஒன்றில் ட்ரம்ஸ் அடித்தவர். நீர்கொழும்பில் கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து வாங்கிய, முத்து வெள்ளை நிறத்தில் ஒரு பழைய செற். றெஜிக்கு ஒன்பது வயதானபோது அதை அவனிடம் கொடுத்துவிட்டுத் தான் கடலோடு நின்றுகொண்டார். 2009 தை மாதம் எங்கள் ஊரான கள்ளப்பாட்டை விட்டு ஓடியபோது உழவு இயந்திரப் பெட்டியில் அதையும் ஏற்றினோம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் றெஜி அதை விட்டு வரமாட்டான். அவனை விட்டு நாங்கள் வரமாட்டோம்.

பிறகு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாக இறக்கினோம். காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மின் ஒருபக்கத் தோலை வெட்டி அதற்குள் அரிசி போட்டு வைத்திருந்தேன். அது உடையார்கட்டில் நின்றுவிட்டது. பெரிய சிம்பல் தட்டு சுதந்திரபுரத்தில். இரட்டைத் தட்டான ஹைஹற்றை இரணைப்பாலையில் ஒரு பால்மாப் பெட்டிக்குக் கொடுத்தோம். மாத்தளனில் டினோஜனின் காலில் ஷெல் துண்டு பட்டது. அவனுக்கு அப்போது ஏழு வயது. அந்தக் காலை, டொம் என்கிற இரண்டு ட்ரம்களில் சின்னதின் மேல் உயர்த்தி வைத்திருந்தோம். காயக்காரரை ஏற்றிய கப்பலில் அவனையும் மகள் கலிஸ்ராவையும் கொண்டு நான் போனபோது அது கடற்கரையில் நின்றது.

அதுவரை என் கண்ணால் கண்டது. மிச்சம் அவர் முகாமில் வந்து சொன்னது. பெரிய டொம், பங்கருக்குள் நின்ற தண்ணீரை அள்ளி அள்ளி முள்ளிவாய்க்காலோடு முடிந்தது. அடியில் கம்பிகள் கட்டிய அந்தச் சிறிய ட்ரம், ஸ்னெயர், கடைசிவரை றெஜியின் முதுகில் இருந்தது. கடைசியாக எல்லோரும் வெளியேறிய வட்டுவாகல் பாலத்துச் சனத்துக்குள் அதோடு முன்னால் போனவனைப் பிறகு காணவில்லை.

காணாமல் போனவர்களுக்கான படிவங்களில் விசேட அடையாளம் என்று ஓர் இடம் இருக்கும். மற்றத் தாய்மார் மச்சம், தழும்பு என்று எழுதுவார்கள். நான் ஒவ்வொரு முறையும் 'முதுகில் ட்ரம்' என்று எழுதினேன். ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் தலை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு வருசமும் காவிக்கொண்டோ அம்மா திரியிறான்?" என்றார். அடுத்த படிவத்திலும் அதையே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி. பாட்டைப் பாடகர் குழுவிடம் கொடுக்க வேண்டிய நாள் வெள்ளி. அந்த வெள்ளிக்கிழமையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

காலையில் தேத்தண்ணியோடு டினோஜனின் அறைக்குள் போனேன். சத்தம் அடங்கச் சுவர் முழுக்க முட்டை மட்டைகள் ஒட்டியிருக்கிறான். நினைவுப் பாட்டுச் செய்வதுதான் அவனுக்குத் தொழில். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் மட்டும் அடித்துக்கொண்டிருந்த சனம் இப்போது பாட்டும் கேட்கிறது. செத்தவரின் ஊர், குணம், பேரப்பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் இரண்டு சரணத்துக்குள் அடங்கவேண்டும்.

தகப்பனுக்குப் பாட்டுக் கேட்டிருந்த ராஜினி என்ற பெண் பாரிசிலிருந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பாட்டு நல்லாத்தான் கிடக்கு. ட்ரம்ஸ்தான் புதுசாக் கிடக்கு."

"புதுசெண்டா எப்பிடி அக்கா?"

"பளபளவெண்டு. அப்பா போனது எண்பத்திரண்டு வயசில. பெருநாள் முடிய விடிய விடிய பைலா ஆடின மனிசன். அந்தக் காலத்து ட்ரம்ஸ் மாதிரி ஒண்டு வையுமன்."

"ட்ரம்சுக்கும் வயசு போகவேணும் எண்டுறீங்கள்."

"ஓம் ராசா. ஒரு அறுபது வயசு வையும். எழுபது எண்டாலும் காரியமில்லை."

நானும் சிரித்துவிட்டேன். அன்று நான் சிரித்தது அவ்வளவுதான்.

"இவவை மாதிரி ஆக்களுக்காண்டித்தான் இதை எடுத்தனான் அம்மா," என்று கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினான். வெளிநாட்டில் எங்கோ ஒரு ஸ்ரூடியோவில், பழைய ட்ரம் செற் ஒன்றை வைத்து, மெல்ல அடித்தும் உரக்க அடித்தும் விளிம்பில் அடித்தும் நூற்றுக்கணக்கில் பதிந்து வைத்திருக்கிறார்களாம். பக்கத்தில் இருந்த சின்ன விசைப்பலகையில் ஒரு கட்டையைத் தொட்டால், அதற்குரிய அடி வரும். திரையில் அந்தச் செற்றின் படமும் இருந்தது.

முத்து வெள்ளை நிறம்.

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"இதை உன்ர கொப்பருக்குக் காட்டாதை."

"நேற்றே காட்டிப்போட்டன் அம்மா."

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்ல. கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டவர். பாட்டு குடுக்க முன்னம் வாறன் எண்டவர்."

பத்து மணிபோல அவர் கடற்கரையிலிருந்து வந்தார். கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கையை இரண்டு தரம் கழுவினார். பிறகு நேரே அவனுடைய அறைக்குள் போய்க் கதிரையில் இருந்தார். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு சுவர்தான். கதை எல்லாம் கேட்டது.

"எத்தினை தரம் அடிச்சுப் பதிஞ்சிருக்கிறாங்கள்?"

"ஒரு ட்ரம்முக்கே நூறு, நூற்றைம்பது அடி. ஒரே சத்தம் ரெண்டு தரம் வராது அப்பா."

"ஆர் அடிச்சது?"

"பேர் போடேல்ல."

"இவ்வளவையும் அடிச்சவனுக்குப் பேரில்லையோ? பாவம். பெரிய ட்ரம்மை மட்டும் அடி பாப்பம்."

டும் என்று ஒரு சத்தம் வந்தது.

"கேட்டியோ?"

"என்னத்தை?"

"பின்னால சிர்ர்ரெண்டு ஒண்டு. ஸ்னெயரின்ர கம்பி. அதை ஒருத்தரும் தொடேல்ல. பக்கத்து அடிக்கு அது நடுங்குது. உண்மையான செற்தான்."

பதினாறு வருடங்களில் ட்ரம்சைப் பற்றி அவர் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. பெருநாளுக்கு வாத்தியக் குழு வந்தால் அவர் வலை பார்க்கப் போய்விடுவார்.

டினோஜன் கோயில் பாட்டுக்குப் போட்ட தாளத்தை ஓடவிட்டான்.

"தண்ணிப் பம்பு ஓடுற மாதிரிக் கிடக்கு," என்றார் அவர்.

"அதுக்கும் இஞ்ச ஒரு திருகு இருக்கப்பா. கூட்டினா மனிசர் அடிக்கிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சம் பிழைக்கும்."

தாளம் இலேசாகத் தளம்பியது.

"இது ஆற்ற பிழை?"

"ஆற்றையும் இல்லை. இது தானாப் போடுற பிழை."

"அப்ப வேண்டாம். பிழை விடுறதெண்டா ஆரோ ஒருத்தன் விடவேணும்." கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. "சரணம் தொடங்க முன்னம் நாலு அடி வருதெல்லோ, அதை முன்னுக்கு இழு."

"எவ்வளவு?"

"மயிரளவு. இன்னும். இன்னும் கொஞ்சம்."

"இனிப் பிழைச்சிடும் அப்பா."

"பிழைக்கட்டும். இப்ப போடு."

நான் பாரை மீனின் செட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு வந்தது. சரணத்துக்கு முன் அந்த நாலு அடியும் வந்தது, வரவேண்டிய நேரத்துக்கு ஒரு மூச்சு முன்னதாக.

றெஜி அப்படித்தான் அடிப்பான். சரணத்துக்குள் போக அவனுக்குப் பொறுமை இல்லை. "றெஜிக்கு வள்ளம் விட்டுட்டுப் போயிடுமெண்டு பயம்," என்று குழுவில் எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். தகப்பன் எவ்வளவோ திருத்திப் பார்த்தும் அது போகவில்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அறை வாசலில் நின்றபோது கத்தி கையிலேயே இருந்தது.

உள்ளே இரண்டு பேர்தான். திரையில் அந்த ட்ரம் செற்றின் படம்.

"ஆர் அடிச்சது?"

டினோஜன், "அப்பா இழுக்கச் சொன்னவர் அம்மா. நான் இழுத்தனான்," என்றான்.

"திருப்பிப் போடு."

போட்டான். இன்னொருமுறை போடச் சொன்னேன். போட்டான். மூன்றாம் தரமும் அந்த அடி அதே மயிரளவுதான் முந்தியது. றெஜி ஒருநாளும் ஒரே அளவாக முந்தியதில்லை. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இது கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. எத்தனை தரம் போட்டாலும் இதேதான் வரும்.

"பேரைச் சேர்க்கிறதுக்கு இப்பிடியும் ஒரு வழியோ?" என்று அவரைக் கேட்டேன்.

"இல்லை சுசி. அவன்ர பேர் வாற பாட்டில அவனே அடிக்கட்டும் எண்டு..."

"வந்து அடிப்பான்."

அவர் என் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கி மேசையில் வைத்தார். நான் குசினிக்குத் திரும்பிப் போனேன். மிச்ச மீனைப் பூனை கொண்டு போயிருந்தது.

மத்தியானம் மூன்று பேரும் பருப்புக் கறியோடு சாப்பிட்டோம். மீன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாலரை மணிக்கு டினோஜன் குசினி வாசலில் வந்து நின்றான். மழைக்காலத்தில் மட்டுமல்ல, மனம் சரியில்லாத நாட்களிலும் அவன் ஷெல் பட்ட காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பான்.

"அம்மா, ஒருக்கா வந்து முழுக்கக் கேளுங்கோ. வேண்டாமெண்டா உங்களுக்கு முன்னாலயே அழிச்சுப்போடுறன்."

"எனக்குக் கேக்கத் தேவையில்லை."

"எனக்கு அண்ணாவை வடிவா ஞாபகமில்லை அம்மா," என்றான். "படத்தில இருக்கிற முகம் மட்டும்தான் தெரியும். அப்பா அந்த அடியை இழுக்கச் சொல்லேக்கதான், ஓ, இப்பிடி அவசரக்காரனோ எண்டு... கொஞ்சம் தெரிஞ்ச ஆள் மாதிரிக் கிடந்தது."

நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

அவர் அதே கதிரையில்தான் இருந்தார். நான் கட்டிலின் விளிம்பில் இருந்தேன். டினோஜனின் தொலைபேசி மினுங்கியது. பாடகர் குழுச் சாருஜன் எழுதியிருந்தான்: 'ஸ்பீக்கர் கட்டீட்டம். பேர் நாப்பத்தொண்டோ, நாப்பத்திரண்டோ?'

"ஒண்டுக்குச் சம்மதிப்பன்," என்றேன். "அவன்ர பேருக்கு முன்னால 'காணாமற்போன' எண்டு பாடவேணும்."

"மெட்டுக்குள்ள அடங்காதம்மா."

"அடக்கு."

டினோஜன் தகப்பனைப் பார்த்தான். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவ்வளவு இறங்கி வந்ததற்கு அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"முதலில பாட்டின்ர முடிவைக் கேளும்," என்றார் கடைசியில். "பேர் எல்லாம் முடிய ட்ரம்ஸ் மட்டும் போகும். பிறகு ஒவ்வொண்டா நிப்பாட்டுவம். நாங்கள் இறக்கினமெல்லோ, அந்த ஒழுங்கில."

அது நல்ல யோசனைதான். யாருக்கும் விளங்காது. எங்களுக்கு மட்டும் விளங்கும்.

"எனக்கு ஒழுங்கு தெரியாதப்பா. நீங்கள் தொட்டுக் காட்டுங்கோ, நான் நிப்பாட்டுறன்."

ட்ரம்ஸ் மட்டும் ஓடியது. ஆறும் சேர்ந்து ஒலித்தபோது அந்த அறை எங்களுடைய பழைய வீட்டு விறாந்தை போல இருந்தது.

அவர் திரைக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோனார். பெரிய ட்ரம். டினோஜன் அழுத்த, படத்தில் அது மங்கியது. உடையார்கட்டு, என்று நான் மனதுக்குள் சொன்னேன். எவ்வளவு அரிசி இருந்தது அதற்குள்.

பெரிய சிம்பல். சுதந்திரபுரம்.

ஹைஹற். இரணைப்பாலை. பால்மாப் பெட்டி.

சின்ன டொம். மாத்தளன். டினோஜன் அதை அழுத்தும்போது ஒன்றும் தெரியாமல் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான்.

இரண்டே இரண்டு மிச்சம். பெரிய டொம்மும் ஸ்னெயரும் மாறி மாறி ஒலித்தன. இதுவரைதான் நான் கூட இருந்தேன். இனி வருவது அவர்கள் இரண்டு பேரும் தனிய நடந்த தூரம்.

அவர் விரலை ஸ்னெயரில் வைத்தார்.

டினோஜன் அழுத்தினான். ஸ்னெயர் மங்கியது. பெரிய டொம் மட்டும் தனிய அடித்துக்கொண்டிருந்தது.

"அது பிழையெல்லோ," என்றேன். "டொம்தானே முதல். முள்ளிவாய்க்காலில."

"என்ன?"

"டொம்மை இறக்கினபிறகும் ஸ்னெயர் அவன்ர முதுகில இருந்தது. கடைசியாத்தான் அது வரவேணும்."

"ஓம், ஓம்," என்றார் அவசரமாக. "மாறிப்போச்சு. தம்பி, திருப்பி முதல்ல இருந்து விடு."

இருநூறு பாட்டின் தாளத்தை ஒரு கடதாசி இல்லாமல் மனதில் வைத்திருந்த மனிதர் அவர்.

மறுபடியும் ஆறும் ஒலித்தன. பெரிய ட்ரம். பெரிய சிம்பல். ஹைஹற். சின்ன டொம். நான் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய விரலைத்தான் பார்த்தேன். அது பெரிய டொம்மை நோக்கிப் போய், வழியில் நின்று, ஸ்னெயரில் போய்த் தொட்டது. சூடு பட்டதுபோல் உடனே எடுத்துக்கொண்டார். ஆனால் டினோஜன் அழுத்திவிட்டான்.

பெரிய டொம் தனிய அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் கம்பிகள் சிர்ரென்று இரைந்தன.

"ஸ்னெயரைத்தானே நிப்பாட்டினது," என்றார். அவருடைய குரல் சரியில்லை. "ஏன் இன்னும் கேக்குது?"

"அது டொம்மைப் பதிஞ்ச மைக்கில விழுந்தது அப்பா. ஸ்னெயரை அடிக்காமல் விடலாம். இதை எடுக்கேலாது."

"எடு தம்பி."

"ஏலாதப்பா. டொம்மோட ஒட்டிக்கொண்டு கிடக்கு."

நான் எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றேன். பதினாறு வருடமாக எத்தனை கதவில் நின்று எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். இவரிடம் ஒருநாளும் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

"ஸ்னெயரை எங்க விட்டனிங்கள்?"

"சுசி..."

"எங்க?"

"வலைஞர்மடத்தில."

மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் இருக்கிறது வலைஞர்மடம். நான் கப்பலேறி ஒரு மாதம் ஆகியிருக்கும். அந்த நேரம் நான் ஆஸ்பத்திரி விறாந்தையில், அண்ணா வந்து அடிச்சுக் காட்டுவான் என்று டினோஜனுக்குச் சொல்லிச் சொல்லிப் புண்ணுக்கு மருந்து கட்ட வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப வட்டுவாகலில அவன் என்னத்தைக் காவினவன்?"

டினோஜன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ட்ரம்சை நிற்பாட்ட அவனுக்குத் தோன்றவில்லை. மேசையில் தொலைபேசி மறுபடி மினுங்கியது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சவர்க்காரம் போட்டுக் கழுவிய அந்தக் கைகளை முழங்கால்களுக்கு இடையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒண்டையும் விட்டுப்போட்டு வரேல்ல சுசி," என்றார். "குழி வெட்டித் தாட்டனான்."

"ஸ்னெயரையோ?"

"அதையும்."